பத்து சென்ட் நிலமும் பெர்லின் நகரமும்

2014 மே 25 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்காக வாக்குச்சாவடிக்குப் போன பெர்லின் மக்கள், நிலம் பற்றிய கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்கள். மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுதளத் திடலில் கட்டடம் கட்டலாமா என்பது நகரம் முழுவதற்குமான கேள்வி. ஏறத்தாழ 64 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஷார்லோட்டன்புர்க்-வில்மர்ஸ்டோர்ஃப் மாவட்டத்தில் மட்டும் இன்னொரு சீட்டும் கொடுத்தார்கள்: ஓய்ன்ஹவுசன் என்ற குத்தகைத் தோட்டக் காலனியை அப்படியே காப்பாற்ற வேண்டுமா? 77 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அதிக ஆதரவு தோட்டத்துக்குத்தான். ஆனால் டெம்பல்ஹோஃப் இன்றும் திறந்த திடலாகவே கிடக்கிறது. ஓய்ன்ஹவுசனில் பாதித் தோட்டங்களைத் தரைமட்டமாக்கி அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள்.

திடல் அரசுடையது, தோட்டத்தின் பெரும்பகுதி தனியாருடையது என்பதே காரணம். ஓய்ன்ஹவுசன் நிலத்தில் ஒரு பெரும் பங்கு ஜெர்மன் அஞ்சல் நிறுவனத்திடம் இருந்தது. அது 2008-இல் அந்த இடத்தைச் சுமார் 6 லட்சம் யூரோவுக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிதியின் துணை நிறுவனத்துக்கு விற்றது. அது தோட்ட நிலத்துக்கான விலை. பிறகு கட்டுமான நிறுவனம் ஒன்று களத்தில் இறங்கியது. தோட்டம் தோட்டமாகவே இருக்கும் என்று மாவட்டம் திட்ட வரைபடத்தில் எழுதினால் 2.5 கோடி யூரோ வரை இழப்பீடு கொடுக்க நேரும் என்று பேச்சு எழுந்தது. மக்கள் தீர்ப்பை அப்படியே நிறைவேற்றும் பண வலிமை மாவட்டத்துக்கு இல்லை. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று முடிந்தது.

ஒரே நிலம், ஒரே மண், அதே ஆப்பிள் மரங்கள். ஒரு கணக்கில் 6 லட்சம், இன்னொரு கணக்கில் 2.5 கோடி. நகரத் தோட்டங்களைச் சுற்றி ஐரோப்பாவில் நடக்கும் சண்டைகள் எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன. தோட்டக்காரருக்கும் வீடற்றவருக்கும் இடையிலான சண்டையாக இதைக் காட்டுவது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. நகரத்துக்குள் விலை ஏறாமல் பிடித்து வைக்கப்பட்ட நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதுதான் வழக்கு. அந்த வழக்கில் தோட்டக்காரர்கள் பக்கமே நான் நிற்கிறேன்; ஆனால் அவர்கள் பக்கத்திலும் சரிசெய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

பெர்லினில் சுற்றுவட்ட ரயிலில் போனால் தண்டவாள ஓரத்தில் மைல் கணக்கில் சின்னச் சின்னக் குடில்களும் வேலிகளும் தெரியும். நகர எல்லைக்குள் இப்படி ஏறத்தாழ 70,000 துண்டுகள். மொத்தம் சுமார் 2,900 ஹெக்டேர், நகரப் பரப்பில் மூன்று சதவீதம். ஜெர்மனி முழுக்க எண்ணினால் ஒன்பது லட்சம் அளவுக்கு வரும். ‘க்ளைன்கார்ட்டன்’ என்று அவர்கள் சொல்லும் இந்தச் சிறு தோட்டங்களுக்கென்றே 1983-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. துண்டு 400 சதுர மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். நம் கணக்கில் பத்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. குடில், அதன் தாழ்வாரத்தையும் சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்றதாக அது இருக்கக் கூடாது. விளைந்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காயோ கனியோ விளைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. வெறும் புல்வெளியும் ஊஞ்சலும் போட்டுக்கொண்டு இந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் பதிலாகக் கிடைப்பது ஒன்று: குத்தகைப் பணம், அந்த வட்டாரத்தில் வணிகரீதியாகக் காய்கனி பயிரிடும் நிலத்துக்கு என்ன குத்தகையோ அதில் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. வீட்டுமனை விலையோடு அதற்குத் தொடர்பே இல்லை. பெர்லின் அரசு நிலத்தில் பல ஆண்டுகளாக அது சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு அரை யூரோவைக்கூட எட்டவில்லை.

இந்த மலிவு யாரோ கருணையோடு கொடுத்ததல்ல. 1871-இல் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த பெர்லினில் 1905-இல் இருபது லட்சம் பேர் இருந்தார்கள். வந்தவர்களை வாடகைக் கட்டடங்களில் அடைத்தார்கள். அந்தக் கட்டடங்களின் உள்முற்றம் குறைந்தது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது 1853-இன் கட்டட விதி. தீயணைப்பு வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு! வெயிலும் காற்றும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதுவும் கிடைக்காதவர்கள் 1872-இல் கோட்புஸ் வாசலுக்கு வெளியே பலகையும் தகரமும் வைத்துக் குடிசை போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் போலீஸ் வந்து இடித்தது. நகரம் இன்னும் வந்து சேராத வெற்று நிலங்களில் உருளைக்கிழங்கு நட்டு, கருவி வைக்க ஒரு குடில் கட்டிய தொழிலாளிக் குடும்பங்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் அந்த நிலமும் நேராக அவர்கள் கைக்கு வந்ததில்லை. நடுவில் மொத்தக் குத்தகைக்காரர் ஒருவர் இருப்பார். அரசிடமோ நிலக்கிழாரிடமோ பெரும் பரப்பை மொத்தமாக எடுத்து, துண்டு போட்டு, பல மடங்கு விலைக்கு உள்குத்தகை விடுவார். காலனிக்குள் மதுக்கடை நடத்தும் உரிமையும் அவருக்கே. அவர் கடையில் பீர் வாங்காத தோட்டக்காரருக்கு அடுத்த ஆண்டு நிலம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முதல் உலகப் போரில், மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று 1916-17 குளிர்காலத்தைத் தாண்ட வேண்டி வந்தபோதுதான் இந்தத் துண்டு நிலங்களின் அருமை அரசுக்குப் புரிந்தது. 1919 ஜூலையில் வந்த ஆணை குத்தகைக்கு உச்சவரம்பு போட்டது, நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது, இடைத்தரகர்களை அப்புறப்படுத்தியது. ஜெர்மன் குத்தகைத் தோட்டத்தின் தொடக்கம் என்று கேட்டால் பலரும் லைப்சிக் நகரத்தையும் மருத்துவர் ஷ்ரேபரையும் சொல்வார்கள். ஷ்ரேபர் 1861-இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் சங்கம் அமைந்ததே 1864-இல்தான். அங்கே குழந்தைகளின் விளையாட்டுத் திடலோரம் போட்ட பாத்திகள் பெற்றோர் கைக்குப் போனது அழகான கதைதான். என்றாலும் இன்றைய சட்டத்தின் வேர், என் பார்வையில், பெர்லினின் பசியில் இருக்கிறது.

நிலச் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தனியார் ஒருவர் தம் நிலத்தின் குத்தகையை முடித்துக்கொள்ள வழியே இல்லாதபடி இறுக்கிய பழைய விதிகள் சொத்துரிமைக்கு முரணானவை என்று 1979-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்ததுதான் 1983 சட்டம். அதில் இரண்டு மடங்கு என்றிருந்த குத்தகை வரம்பும் தனியாரைப் பொறுத்தவரை மிகக் குறைவு என்று 1992-இல் மீண்டும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-இல் வரம்பு நான்கு மடங்கானது. இப்போதைய நிலை ஒரு சமரசம். நகராட்சி நிலத்தில் நிரந்தரத் தோட்டம் என்று திட்டத்தில் குறித்திருந்தால் அதை எடுக்கும்போது மாற்று இடம் தர வேண்டும். தனியார் நிலத்தில், திட்டம் வேறு பயனைச் சொன்னால், இழப்பீடு கொடுத்துவிட்டு வெளியேற்றலாம். இழப்பீடு மண்ணுக்கு அல்ல. மண்மேல் உள்ள மரத்துக்கும் குடிலுக்கும்.

அந்தக் குடில்கள் எதையெல்லாம் தாங்கியிருக்கின்றன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1932 ஜனவரியில் ஃபெல்சென்எக் காலனிக்குள் நாஜி அதிரடிப்படையினர் புகுந்து தாக்கினார்கள். அங்கே வேலையற்ற கம்யூனிஸ்டுத் தொழிலாளர்கள் பலர் குடியிருந்தார்கள். இரு தரப்பிலும் உயிர் போனது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு தோட்டச் சங்கங்களும் அவர்களுடைய அமைப்புக்குள் இழுக்கப்பட்டன. யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் லிஷ்டன்பெர்க் பகுதியின் ஒரு காலனியில், ஹான்ஸ் ரோசன்தால் என்ற யூத இளைஞரை 1943 முதல் போர் முடியும் வரை மூன்று பெண்கள் ஒளித்து வைத்தார்கள். பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனி முழுக்கத் தெரிந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் அவர். போர் முடிந்து நகரம் இடிபாடாகக் கிடந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குளிர்காலத்தையும் தோட்டக் குடில்களிலேயே கழித்தன. நகரைப் பிரித்த சுவர் எழும்பிய பின், சுற்றிலும் அடைபட்ட மேற்கு பெர்லின்வாசிக்கு ஞாயிற்றுக்கிழமையில் ‘ஊருக்கு வெளியே’ போவதென்றால் போக இருந்த இடம் இதுதான்.

இவற்றைக் கணக்கில் எப்படி ஏற்றுவது? இன்றைய வாதங்களில் முன்னே வருபவை காய்கறியும் கார்பனும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், குத்தகைத் தோட்ட மண்ணில் உயிர்க்கரிமம் சுற்றுவட்டார விவசாய நிலத்தைவிட 32 சதவீதம் அதிகமாக இருந்தது. மண் இறுகாமல் பொலபொலவென்று இருந்தது. வேதி உரமும் கனரக இயந்திரமும் பார்த்த வயலைவிட, உரக்குழியும் மண்வெட்டியும் பார்த்த பாத்தி நல்ல மண்ணை வைத்திருந்தது. மழைநீர் இறங்கவும், வெப்ப அலையின்போது அண்டைத் தெருக்கள் இரவில் குளிரவும் இந்த மண் வேண்டும்.

மறுபக்கச் சான்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. 2024 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு ஜெர்மனி உள்பட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 73 நகர்ப்புறத் தோட்டங்களை அளந்தது. ஒரு வேளைக் காய்கனிக்கு நகரத் தோட்டத்தில் சராசரியாக 0.42 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வு, வழக்கமான விவசாயத்தில் 0.07. ஆறு மடங்கு! தோட்ட எதிர்ப்பாளர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆய்வை முழுக்கப் படித்தால் காரணம் செடியில் இல்லை என்று தெரியும். பெரும் பங்கு மரப்பெட்டிப் பாத்தி, கொட்டகை, பாதை போன்ற கட்டுமானங்களுக்குப் போகிறது. ஐந்தாண்டு பயன்படுத்தி எறியும் பாத்தி, இருபதாண்டு பயன்படும் பாத்தியைப் போல நான்கு மடங்கு சுமை தருகிறது. அதாவது தோட்டத்தை அடிக்கடி பெயர்க்கும் நகரம்தான் தோட்டத்தின் கார்பன் கணக்கை ஏற்றுகிறது. அறுபது ஆண்டாக ஒரே இடத்தில் இருக்கும் காலனியை இடித்துவிட்டு, ஊரோரத்தில் புதிதாகப் பாத்தி கட்டிக் கொடுத்து, ‘மாற்று இடம் தந்துவிட்டோம்’ என்பது இந்தக் கணக்கிலும் நட்டமே.

லண்டன் இதைச் செய்தது. கிழக்கு லண்டனில் மேனர் கார்டன் என்ற பழைய தோட்டம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007-இல் அகற்றப்பட்டது. ஈட்டன் பள்ளியின் அறப்பணியோடு தொடர்புள்ள வங்கியாளர் ஆர்தர் வில்லியர்ஸ் அக்கம்பக்கத்து ஏழை மக்களுக்காக ஏற்படுத்திய இடம் அது. சைப்ரஸிலிருந்தும் துருக்கியிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அங்கே அண்டை அயலாக மண் கொத்தினார்கள். பிரிட்டிஷ் சட்டம் ஒருவகையில் ஜெர்மனியைவிடத் தாராளமானது: 1908 சட்டப்படி ஆறு வாக்காளர்கள் சேர்ந்து கேட்டால் உள்ளாட்சி செவிசாய்க்க வேண்டும், 1925 சட்டப்படி தோட்டத்துக்கென்று வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. இரண்டு வார விழாவின் முன்னால் அந்த வேலி நிற்கவில்லை.

பெர்லினுக்குத் திரும்புவோம். வீடு வேண்டும் என்பவர்களின் குரல் பொய்யல்ல. வாடகை பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. சின்ன வீட்டுக்கு நூற்றுக்கணக்கானோர் படிக்கட்டில் வரிசை கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் காலனியின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, ஒரே குடும்பம் பத்து சென்ட்டில் கோடை மாலையைக் கழிப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பள்ளிக்கூடம், சாலை, ரயில் பாதை போன்ற பொதுத் தேவைகளும் உண்டு. நொய்கோல்ன் பகுதியில் 100-ஆம் எண் விரைவுச்சாலையின் நீட்டிப்புக்காக நூற்றுக்கணக்கான துண்டுகள் போயின. 2020-இல் நகர அரசு ஏற்ற 2030 வரைக்குமான தோட்டத் திட்டம் பெரும்பாலான காலனிகளைக் காப்பதாகச் சொன்னாலும், சிலவற்றைப் பள்ளிக்கும் சாலைக்கும் ஒதுக்கியது. பள்ளிக்காக ஒரு காலனி போவதை என்னால் எதிர்க்க முடியாது. சந்தை விலைக்கு விற்கும் வீடுகளுக்காகப் போவதை ஏற்கவும் முடியாது. தோட்டத்தை இழந்த ஓய்வூதியக்காரருக்கு அந்த வீட்டில் ஒரு கதவுகூடத் திறக்காது. கைவைக்க வேறு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒற்றை மாடி சூப்பர் மார்க்கெட்டுகளின் மேல் வீடு கட்டுவது பற்றி 2017-இல் நகர நிர்வாகமே வணிகச் சங்கிலிகளை அழைத்துப் பேசியது. தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறதென்றால், அதன் குத்தகை மலிவு என்பதால்தான். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று குத்தகைத் தொகையே சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தோட்டக்காரர் பக்கத்துக் குறைகளுக்கு வருகிறேன். ஒரு துண்டு கைமாறும் காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வயதான குத்தகைக்காரர் விடுவதாக எழுதிக் கொடுத்தவுடன் சங்கம் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் அளவு நாடாவோடு குடிலைச் சுற்றி வருகிறார். 24 சதுர மீட்டருக்கு மேல் போன பகுதிக்கு மதிப்பில்லை, இடிக்கத்தான் வேண்டும். கூரைத் தகடு கல்நார் கலந்ததா என்று தட்டிப் பார்க்கிறார். பழைய குடில்களில் அது சகஜம், அகற்றும் செலவு விடுபவர் தலையில். செர்ரி, பிளம், ஆப்பிள் மரங்களின் வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். கரன்ட் பழப் புதர்களை எண்ணுகிறார். மூலையில் நெடிதுயர்ந்து நிற்கும் ஊசியிலை மரத்தைப் பார்த்து, வெட்டிவிட வேண்டும் என்று குறிக்கிறார். கணவரோடு அதை நட்ட அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அட்டவணையில் அதற்கு இடமில்லை. கடைசியில் சில ஆயிரம் யூரோ என்று ஒரு தொகை வருகிறது. புதியவர் அதைக் கொடுத்தால் போதும்.

விதி அவ்வளவுதான். ஆனால் பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கொரோனாவுக்குப் பின் இன்னும் நீண்டது. காகிதத்தில் ஒரு தொகை, கையில் வேறொரு தொகை என்ற புகார் பெர்லினில் அடிக்கடி கேட்கிறது. பட்டியலை வைத்திருப்பது சங்கத்தின் செயற்குழு. யாரைச் சேர்ப்பது என்பதில் அதன் கை ஓங்கியிருக்கிறது. கூட்டாட்சி அரசு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி குத்தகைக்காரர்களில் வெளிநாட்டு வேர் கொண்டவர்கள் 7.5 சதவீதம்; நாட்டின் மக்கள் தொகையில் அப்போது அவர்கள் ஏறத்தாழ 19 சதவீதம். குடியேறியவர்களைச் சில சங்கங்கள் ஒதுக்கிவிட்ட கதைகள் செய்தித்தாளில் வந்திருக்கின்றன. உயிர்வேலி எவ்வளவு உயரம், நண்பகல் அமைதி நேரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை யார் ஓட்டினார் என்று எச்சரிக்கைக் கடிதம் எழுதும் செயற்குழுக்கள், வெளியில் நிற்பவரைப் பற்றி இதே அக்கறையோடு யோசித்ததுண்டா?

இதற்கு மாற்றாக இன்னொரு வகைத் தோட்டம் முளைத்தது. 1996-இல் கோட்டிங்கன் நகரில் போஸ்னிய அகதிப் பெண்கள் தொடங்கிவைத்த பன்னாட்டுத் தோட்டம். 2009-இல் பெர்லின் மோரிட்ஸ் சதுக்கத்தில் பெட்டியிலும் சாக்கிலும் பயிரிட்ட இளவரசித் தோட்டம். டெம்பல்ஹோஃப் திடலில் 2011 முதல் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசும் பொதுப் பாத்திகள். வேலி இல்லை, பூட்டு இல்லை. மோரிட்ஸ் சதுக்க நிலத்தை நகரம் விற்கப் பார்த்தபோது 30,000 பேர் கையெழுத்திட்டு 2012-இல் அதை நிறுத்தினார்கள். இளைஞர்களின் அனுதாபம் இந்தத் தோட்டங்களுக்குக் கிடைக்கிறது, பழைய காலனிகளுக்குக் கிடைப்பதில்லை. அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் பெட்டித் தோட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. முப்பது வயது ஆப்பிள் மரம் அங்கே நிற்காது. பழைய காலனியிடம் பாதுகாப்பு இருக்கிறது, திறந்த மனம் குறைவு. புதியதிடம் திறந்த மனம் இருக்கிறது, காலடியில் நிலம் இல்லை.

இரண்டையும் சேர்க்க முடியும். பெர்லின் காலனிகள் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி நகரத்துடையது. அங்கே நிபந்தனை போடும் அதிகாரம் நகரத்துக்கு இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டும். செயற்குழுவின் அலமாரியில் அது கிடக்கக் கூடாது. காலனியின் உள்பாதைகள் பகலில் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். சில காலனிகள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன, எதுவும் கெட்டுப்போகவில்லை. பெரிய துண்டு கைமாறும்போது அதை இரண்டாகப் பிரித்தால் ஒரே நிலத்தில் இரண்டு குடும்பங்கள் பயிர் செய்யலாம். இருக்கும் குத்தகைக்காரரிடமிருந்து ஓரடியும் பிடுங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஒவ்வொரு காலனியிலும் சில பாத்திகள் ஒதுக்கலாம். ஓய்ன்ஹவுசன் போலத் தனியார் கையில் சிக்கியவற்றுக்கு வழி வேறு. பொது நிறுவனமோ ரயில்வேயோ தோட்ட நிலத்தை விற்கும் நாளிலேயே, தோட்ட விலைக்கே அதை வாங்கிவிட மாவட்டத்துக்கு முன்னுரிமையும் பணமும் இருக்க வேண்டும். 2008-இல் 6 லட்சம் யூரோ எந்த மாவட்டத்துக்கும் கைக்கெட்டாத தொகை அல்ல.

கதவைத் திறக்க மறுக்கும் சங்கங்கள் இருக்கும். அவற்றோடு நகரம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இந்த நிபந்தனைகளை எழுத்தில் வைக்கலாம். குத்தகை ஆண்டு நவம்பர் 30-இல் முடிகிறது. இலை உதிர்ந்து, மண் உறைவதற்கு முன்னால், துண்டுகள் கைமாறும் பருவம் அது. பிரிக்கவேண்டிய துண்டைப் பிரிக்கவும், புது வேலிக்குக் கம்பு நடவும் அதுதான் சரியான சமயம்.